சுவரைக் கழற்றிப் போட்ட கிருமி

எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு மாதா மாதம் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள் கப்பலில் வரும். பழுப்புக் காகித உறையோடு வரும். உறையோடே அலமாரியில் ஏறும். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், வந்து உட்காருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் அடுக்கின் அழகு கெட்டுவிடும் என்ற கவலையோ என்னவோ. அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பதினோரு வருஷமும் அவரை வெறுத்தேன் என்று எழுதத்தான் நினைத்தேன். வெறுப்பு என்பதில் கொஞ்சம் மரியாதை கலந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்தது வெறும் இளக்காரம்.

ஆஸ்பத்திரி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது. காலையில் ஒரு தொழிற்சாலையின் நாற்றம், மாலையில் இன்னொரு தொழிற்சாலையின் நாற்றம், நடுவில் எங்கள் பினாயில் நாற்றம். அறுபதுகளின் கடைசி அது. பென்சிலினும் அதன் தம்பி தங்கை மருந்துகளும் வந்துவிட்டன, இனி எந்தக் கிருமியும் வாலாட்ட முடியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நம்பினார், கம்பவுண்டர் நம்பினார், நோயாளிகள் அவர்களைவிட அதிகமாக நம்பினார்கள். பத்து கேப்சூல் எழுதிக் கொடுத்தால் நாலு விழுங்குவார்கள். காய்ச்சல் விட்டதும் மீதியை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்து, அடுத்த முறை வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஒருவர் கேப்சூலை உடைத்து, உள்ளே இருந்த தூளைக் கால் புண்ணில் தூவிக்கொண்டு வந்து நின்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"புண்ணு கால்லதான கீது? அத்த இன்னாத்துக்கு வாயில போட்டு முயுங்கணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர்களையும் நான் இளக்காரமாகத்தான் பார்த்தேன். ராயபுரத்தில் அவர்களுடைய தெருவிலேயே பிறந்தவள் நான். கான்வென்ட்டில் படித்து, இரண்டு வருஷம் லேப் பயிற்சி முடித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர்களுடைய பேச்சு என் வாயில் வராதபடி பார்த்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவோடு பேசும்போதுகூட 'என்ன' என்றுதான் சொல்வேன். அம்மா என்னைத் துரைசாணி என்பாள். அதில் எனக்குப் பெருமைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை என் தட்டுகள்மேல். தட்டு என்றால் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டு. மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், மற்ற லேப்களில் கம்பி வளையத்தால் ஒரு தொடு தொட்டு நேராகத் தட்டில் இழுத்துவிட்டுப் போவார்கள். நான் அப்படிப்பட்ட சோம்பேறி இல்லை. காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு கலப்பேன், அதிலிருந்து எடுத்து மறுபடி பத்து மடங்கு கலப்பேன், அப்புறம்தான் தட்டில் பரப்புவேன். மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருப்பதை எண்ணி எழுதுவேன். ஒன்றும் முளைக்காவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

என் தம்பி ஹார்பரில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தான். எர்ணாவூரிலிருந்து பெண் எடுத்திருந்தோம். எட்டாவது வரை படித்தவள், நல்ல கறுப்பு, நல்ல உயரம், அதிகம் பேசமாட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த அடுத்த மாதமே கடலோரத்தில் இருந்த எறால் கொட்டகைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் காலத்தில்தான் எறாலைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மோகம் தொடங்கியிருந்தது. ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, எறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, கூடையில் போட வேண்டும். விடியற்காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை. கொட்டகையில் எறாலுக்கு ஐஸ் பெட்டி உண்டு, மேஸ்திரிக்கு நாற்காலி உண்டு. நாற்பது ஐம்பது பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் கிடையாது. மணலைத் தாண்டிப் போகலாம் என்றால் அங்கே வலை காயப்போடும் ஆண்கள் இருப்பார்கள். அதனால் அந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஒரு டம்ளர் டீ குடிப்பார்கள். அதற்குப் பிறகு வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். புதிதாக வருகிற பெண்ணுக்கு எறால் உரிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக் கொடுப்பார்கள். தாகத்தை அடக்கத் தெரியாதவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஆறாவது மாதம் தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. குளிரெடுத்து நடுங்கிக் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, மூத்திரம் போனால் எரிச்சல். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெரிய டாக்டர் அவளுடைய முகத்தைக்கூடப் பார்க்காமல் பென்சிலின் வகையில் புதிதாக வந்திருந்த கேப்சூல் ஒன்றை எழுதினார். என் கண் முன்னால் வேளை தவறாமல் விழுங்க வைத்தேன். என் வீட்டில் அரிசிப் பானை வைத்தியம் நடக்காது. காய்ச்சல் விட்டது. மூத்திரத்தைப் பார்த்தேன், தட்டு சுத்தமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் திரும்பியது. மறுபடி கேப்சூல். கேப்சூல் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே மூத்திரம் பார்த்தேன், தட்டு சுத்தம். காய்ச்சல் விட்டது, மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. அப்போதும் கேப்சூல் ஆரம்பித்த பிறகு பார்த்தேன், தட்டு சுத்தம். டாக்டர் என் ரிப்போர்ட்டை மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கல்ச்சர்ல ஒண்ணுமே வரலையேம்மா. அப்போ இன்ஃபெக்‌ஷனே இல்லை. லேடீஸுக்கு இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது. வீட்டுல மாமியார் தொல்லை இருக்கும். விசாரிச்சுப் பாரு."

அவர் சொல்கிற மாமியார் என் அம்மா என்பது அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தட்டைத்தானே அவர் ஆதாரம் காட்டுகிறார் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

வீட்டில் அம்மா வேறு கணக்கில் இருந்தாள். மருமகள் எறால் கொட்டகைக்கும் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வருவதில்லை, பாதி நாள் படுக்கை. மாதா கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து அவள் நெற்றியில் தடவிப் பார்த்தாள். எண்ணெய்க்கும் காய்ச்சல் கட்டுப்படாததால் அம்மாவுக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"படிச்சவ நீ சொல்லு. டெஸ்ட்டுல இன்னாதான் வந்துச்சி?"

"மூணு தடவை பார்த்துட்டேன். கிருமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடிக்கிறா."

"அதான் எனுக்கும் தோணுச்சி. வேல செய்ய ஒடம்பு வணங்கல."

அவள் படுத்திருந்த இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கோணித் திரைதான் இருந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தம்பி வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவனும் கேட்டான். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு டன் சரக்கை அலாக்காகத் தூக்கி இறக்குகிறவன், பெண்டாட்டிக்காக வாயைத் தூக்கத் தெரியாதவன்.

நாலாவது முறை காய்ச்சல் வந்தபோது அவள் குழாயடியில் வாந்தி எடுத்துவிட்டு, குடத்தைப் பிடித்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்றுதான் எனக்கு எரிச்சல். மறுபடி கேப்சூல் ஆரம்பித்து, மறுபடி பாட்டிலில் மூத்திரம் வாங்கிக்கொண்டு லேப்புக்குப் போனேன். அது கெட்டியாகக் காய்ச்சிய டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

அன்று லேப்பில் நீர் காய்ச்சி வடிக்கிற கருவியின் ஹீட்டர் கம்பி எரிந்து போயிருந்தது. இரண்டு நாளாக வடிநீர் இல்லை. கலக்க வழியில்லாததால், வேண்டாவெறுப்பாக, மூத்திரத்தில் ஒரு சொட்டை அப்படியே கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

சாதாரணமாக அந்த நோயில் குட்டையான குச்சிகள் மாதிரி கிருமிகள் தெரியும். இங்கே அந்தக் குச்சிகள் இல்லை. சேமியா மாதிரி நீண்டுகொண்டே போகிற இழைகள் இருந்தன, ஒன்று இரண்டாகப் பிரியவேண்டிய இடத்தில் பிரியாமல். சில இழைகள் நடுவில் உப்பிப்போய், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக உருண்டைகள். முந்தின தடவைகளிலும் இந்த உருண்டைகளில் ஒன்றிரண்டைப் பார்த்திருக்கிறேன். செத்த செல்களின் குப்பை என்று தள்ளிவிட்டேன். ரிப்போர்ட்டில் குப்பைக்கு இடம் கிடையாது.

சொட்டு காய்ந்துவிடக் கூடாதே என்று சில்லின் ஓரத்தில் ஒரு துளி குழாய்த் தண்ணீர் விட்டேன். தண்ணீர் உள்ளே பரவியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டைகள் உப்பி, ஒவ்வொன்றாகப் பட்டென்று காணாமல் போயின. ஒரு நிமிஷத்தில் அந்த வட்டம் முழுக்க வெறுமையாகிவிட்டது.

நான் கண்ணை எடுக்கவில்லை. நூறு மடங்கு தண்ணீரில் கலக்கிக் கலக்கி நான் தட்டில் பரப்பியது எதை என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

மத்தியானம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் அவருடைய அறைக்குள் போய், ஒரு பழைய சவரத் தகட்டால் அந்தப் பழுப்பு உறைகளைக் கிழித்தேன். நாலாவது உறையிலோ ஐந்தாவதிலோ நான் பார்த்த உருண்டைகளின் படம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மத்தியானம் அந்தக் கட்டுரையை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

விஷயம் இதுதான். கிருமிக்குத் தன்னைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளர வளர அது அந்தச் சுவரை நீட்டிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். பென்சிலின் வகை மருந்தின் வேலை, சுவர் கட்டுகிற கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வது. சுவர் கட்ட முடியாத கிருமிக்குள் வெளியிலிருந்து தண்ணீர் புகுந்து அது வெடித்துச் சாகிறது. ஆனால் எல்லாக் கிருமியும் சாவதில்லை. சில, சுவரே வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிட்டு, மெல்லிய சவ்வோடு உருண்டையாகக் கிடந்துவிடுகின்றன. சுவர் இல்லாதவனிடம் கொத்தனாருக்கு என்ன வேலை? எவ்வளவு பென்சிலின் கொட்டினாலும் அவற்றுக்கு உறைக்காது. ஒரே ஒரு நிபந்தனை, சுற்றியிருக்கிற திரவம் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்துப்போனால் வெடித்துவிடும். கெட்டியாக இருந்தால் நாள் கணக்கில் கிடக்கும். மருந்து நின்றதும் மறுபடி சுவரைக் கட்டிக்கொண்டு பழைய குச்சியாக எழுந்து வரும்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைவிட அவற்றுக்குப் பாதுகாப்பான இடம் எது? காய்ச்சலோடு படுத்திருந்த நாளிலும் அவள் அந்தக் கொட்டகைப் பழக்கத்தை விடவில்லை. அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன்.

"குடிச்சிட்டு நா எங்கக்கா போறது?" என்றாள். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், அதுவும் கோடியில். "இப்ப கீற வலியில எந்திரிச்சி நிக்கவே முடியல."

ஒரு சொம்புத் தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கெட்டியான திரவத்தில் வளர்த்துக் காட்டினால்தான் டாக்டர் நம்புவார். கட்டுரையில் சர்க்கரையும், குதிரை ரத்தத்தின் தெளிநீரான சீரமும் சேர்க்கச் சொல்லியிருந்தது. குதிரைக்கு நான் எங்கே போவது? ரத்தப் பரிசோதனையில் மிஞ்சிய சீரத்தை இளஞ்சூட்டில் வைத்து எடுத்துக்கொண்டேன். சர்க்கரை எங்கள் வீட்டு ரேஷன் சர்க்கரை. அதை இறைச்சிச் சாற்றில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். நான் சுவர் கதையைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"இது லேப்பா, கல்யாண வீட்டுச் சமையல்கட்டா? பாயசமா வைக்கிறே?" என்றார். "சர்க்கரை போட்டா எதுவும் வளரும்மா. எறும்புகூட வளரும். நீ பார்த்தது பஞ்சு நூலா இருக்கும். ஸ்லைடை நல்லாத் துடைச்சிட்டுப் பாரு."

வாசலில் நின்ற கம்பவுண்டர் அவரோடு சேர்ந்து சிரித்தார். அவருக்கு நூலும் தெரியாது, கிருமியும் தெரியாது. டாக்டர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

அவளுடைய மூத்திரத்தைக் கலக்காமல் பரப்பிய சர்க்கரைத் தட்டில் ஒன்பதாம் நாள் அந்த உருண்டைகள் வளர்ந்திருந்தன. வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பின் குறைந்த பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆஃப்பாயில் போட்ட மாதிரி, நடுவில் தடித்து, ஓரத்தில் மெல்லிசாக. பென்சிலின் தோய்த்த தாளைப் பக்கத்தில் வைத்தேன், அசையவில்லை. பென்சிலின் இல்லாத வேறு தட்டுக்கு மாற்றினேன். நாலு நாளில் பழைய குட்டைக் குச்சிகளாகத் திரும்பின. அந்தக் குச்சிகள் அதே பென்சிலினில் உடனே செத்தன. அதாவது அது வேறு கிருமி இல்லை, அதே கிருமி, வேஷம்தான் வேறு. எங்கள் வீட்டில் நடித்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்கு அன்று தெரிந்துவிட்டது. கனாமைசின் என்ற ஊசி மருந்து சுவரைத் தொடுவதில்லை, கிருமியின் உள்ளே போய் வேலையைக் கெடுக்கிறது. அந்த மருந்துத் தாளைச் சுற்றிக் குச்சியும் வளரவில்லை, உருண்டையும் வளரவில்லை.

தட்டைக் கொண்டுபோய் டாக்டரின் முன்னால் வைத்தேன். இந்த முறை அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நோயாளிக்காக இல்லை. அடுத்த மாதம் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் பேச அவருக்கு விஷயம் தேவைப்பட்டது. "நம்ம லேப்லதான் இதை முதல்ல பார்த்திருக்கோம்," என்றார். நம்ம என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். கனாமைசின் ஊசி, காலை ஒன்று, மாலை ஒன்று, பதினாலு நாள் என்று எழுதினார். ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று அவர் பார்க்கச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் படித்த கட்டுரை கிருமியின் சுவரைப் பற்றியது, அந்த மருந்து மனுஷியை என்ன செய்யும் என்று அதில் இல்லை.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, முதுகு வலி குறைந்தது. மூத்திரத்தை இந்த முறையும் கலக்காமல் சர்க்கரைத் தட்டில் போட்டேன், ஒன்றும் வளரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இத்தனை நாள் அவளைக் குறை சொன்னோமே என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த எண்ணத்தை ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. கண்டுபிடித்தது நான். உயிரைக் காப்பாற்றியது நான். எங்கள் தெருவில் தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி நடந்தேன்.

எட்டாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்:

"அக்கா, காதுக்குள்ள வண்டு கத்துது."

"எந்த வண்டும் இல்ல. காய்ச்சல் விட்ட அசதி."

"இல்லக்கா. ராவும் பகலும் கத்திகினே கீது. ஊசிய நிறுத்திடலாம்க்கா. அதான் ஒடம்பு தேறிச்சே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்தில் நாலு விழுங்கிவிட்டு மீதியை அரிசிப் பானையில் போடுகிற கூட்டம் முழுவதும் அவள் ரூபத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"பாதியில நிறுத்துறதுதான் உங்க எல்லாருக்கும் புத்தி," என்றேன். "அரைக் கிணறு தாண்டறதுக்கு நான் இவ்வளவு பாடுபடல. வாயை மூடிக்கிட்டுப் பதினாலு நாளும் போட்டுக்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மீதி ஊசிகளையும் நானே உடன் நின்று போட வைத்தேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

பிறகு தெரிந்துகொண்டது இது. அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மாதக் கணக்காகக் கிருமி குடியிருந்து கெடுத்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்திலேயே தேங்கி, காதின் நரம்பைத் தின்றுவிடும். தின்னத் தொடங்கும்போது காதுக்குள் சத்தம் கேட்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் ரகசியம் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலேயே அச்சடித்திருந்தது. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தின் யூரியா காட்டிக்கொடுத்திருக்கும், அதைப் பார்ப்பது எனக்கு அரை மணி நேர வேலை, அதற்கான குழாய்கள் என் மேஜையில்தான் இருந்தன. டாக்டர் உறை பிரிக்காதவர் என்று இத்தனை நாள் சொல்லிச் சிரித்தவள் நான்.

ஊசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அம்மா நேர்ந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அவள் கையாலேயே ஏற்றச் சொன்னாள். பூசையின் நடுவில் மணி அடித்தது. கோயில் முழுக்க முழங்காலில் இறங்கியது. அவள் மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? மணி அடிச்சது காதுல வியல?"

அவள் அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "உயிர் பிழைச்சுதே, அதைப் பாரும்மா. காது போனா என்ன, கை கால் நல்லா இருக்கு இல்ல?" என்றார். அவர் மேஜையில் சங்கக் கூட்டத்தில் படிக்க வேண்டிய தாள்கள் இருந்தன. என் ஆஃப்பாயில் தட்டைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார். நோயாளி பூரண குணமடைந்தார் என்று கடைசி வரி. கூட்டத்தில் பலமாகக் கைதட்டினார்களாம், கம்பவுண்டர் வந்து சொன்னார். அந்த ஆளைப் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் நல்லதாக நினைக்க ஒரு விஷயம் தேடிப் பார்க்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான்.

தம்பி அவளைச் சத்தம் போட்டுக் கூப்பிடக் கற்றுக்கொண்டான், பிறகு தொட்டுக் கூப்பிடக் கற்றுக்கொண்டான், பிறகு கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டான். அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் முகத்துக்கு நேராகவே பேசினாள். அவள் மறுபடி எறால் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை, கை இருந்தால் போதும். என் பிடிவாதத்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள். அதைக் குடித்தாளா, வழியில் கொட்டினாளா என்று எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா வண்ணாரப்பேட்டைக்குப் போயிருந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நாள் கணக்காக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒன்றை ஒரு தாளில் எழுதினேன். 'நீ நடிக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னவள் நான்தான். என் டெஸ்ட்தான் தப்பு. என்னை மன்னித்துவிடு.' கொட்டை எழுத்தில் எழுதினேன், எட்டாவது படித்தவளுக்குப் புரிய வேண்டுமே என்று. அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். என்னைவிட வேகமாகவே படித்தாள். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

"நீ சொன்னது எனுக்கு அன்னிக்கே கேட்டுச்சிக்கா. அப்போ காது நல்லாத்தான இருந்துச்சி."

கொஞ்ச நேரம் அரிசியைக் கிளறினாள். பிறகு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்போ, வண்டு கத்துதுன்னு சொன்னேனே. அது உனுக்குக் கேட்டுச்சா?"

பேனாவை எடுத்தேன். 'கேட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.